கான்ட்ராஸ்ட்: முரண்

ஜவுளிக்கடையில், "இந்தப் புடவைக்குக் கான்ட்ராஸ்டா ஒரு பிளவுஸ் பிட் காட்டுங்க அண்ணே" என்கிறோம். ஸ்கேன் மையத்தில், "கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுக்கணும்" என்கிறார்கள். டிவியில் படம் மங்கலாக இருந்தால் ரிமோட்டை எடுத்துக் கான்ட்ராஸ்டைக் கூட்டுகிறோம். பள்ளிக்கூடப் பக்கமே போகாத பாட்டிகூடப் புடவை எடுக்கும்போது சொல்லும் சொல் இது. இத்தனை புழங்கியும், தமிழில் என்ன என்று கேட்டால் பலரும் 'வேறுபாடு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது போதாது. ஏன் போதாது என்பது கறுப்பு வெள்ளை நிலக்காட்சிப் படங்களைப் பார்த்தால் தெரியும். இந்தச் சொல் தன் முழுப் பலத்தோடு நிற்பது அங்கேதான்.

எனக்கு அதன் பொருள் பிடிபட்டது ஓர் இருட்டறையில். மதுரை யானைமலையை ஒரு மாலையில் கறுப்பு வெள்ளைச் சுருளில் எடுத்துவிட்டு, தெரிந்த ஸ்டுடியோக்கார அண்ணனிடம் பிரிண்ட் போடக் கற்றுக்கொண்டிருந்தேன். டெவலப்பர் தட்டில் மலை மெல்ல எழுந்தது. மலையும் சாம்பல், வானமும் சாம்பல், முன்னால் கிடந்த வயலும் சாம்பல். குறை என்று எதையும் சுட்ட முடியாது. எல்லாம் துல்லியமாகத்தான் விழுந்திருந்தன. அண்ணன் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சப்புன்னு இருக்கு தம்பி. மலை எடுப்பா நிக்க மாட்டேங்குது" என்றார். அதே நெகட்டிவை, கறுப்பையும் வெள்ளையையும் அழுத்திப் பிரித்துக் காட்டும் நாலாம் கிரேட் தாளில் மறுபடி போட்டார். வெயில் படும் பாறை முதுகு வெளுத்தது, அடிவாரம் கறுத்தது, மலை தாளைவிட்டு முன்னால் வந்து நின்றது. இடம், நேரம், நெகட்டிவ் எதுவும் மாறவில்லை. இரண்டு பிரிண்டுக்கும் நடுவில் கூடியது கான்ட்ராஸ்ட் மட்டும்.

வேறுபாடு என்றால் அது முதல் பிரிண்டிலும் இருந்தது. மலையின் சாம்பல் வேறு, வானத்தின் சாம்பல் வேறு; உற்றுப் பார்த்தால் தெரியும். ஆனால் அவை பக்கத்துப் பக்கத்தில் சும்மா கிடந்தன. இரண்டாவது பிரிண்டில் ஒன்றுக்கொன்று எதிர்த்து நின்றன. இந்த 'எதிர்த்து நிற்றல்' என் கற்பனை அல்ல, சொல்லின் வேரிலேயே இருக்கிறது.

இலத்தீனில் 'கான்ட்ரா' என்றால் எதிரே, 'ஸ்தாரே' என்றால் நிற்றல். இரண்டும் சேர்ந்து பிற்கால இலத்தீனில் எதிர்த்து நிற்பதைக் குறித்தன. இத்தாலியனில் 'கான்ட்ராஸ்தோ' ஆனபோது சண்டை, வாக்குவாதம் என்றும் பொருள். 13ஆம் நூற்றாண்டில் காதலனும் காதலியும் மாறிமாறி வாதாடும் பாட்டு வகைக்கு அதுவே பெயர். பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது ஓவியக்கலைச் சொல்லாக வந்தது. மாறான வடிவங்களையும் நிறங்களையும் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும்படி அருகருகே வைப்பது என்பது அப்போதைய பொருள். சண்டை போய்விட்டது, எதிரெதிரே நிற்பது மட்டும் மிச்சம்.

அந்தத் 'தூக்கிக் காட்டுதல்' எப்படி நடக்கிறது என்பதற்கு விடை கிடைத்தது ஒரு நெசவுச்சாலையில். பாரிஸின் கோப்லான் திரைச்சீலைக் கூடத்தில் சாயப் பிரிவுக்கு 1824இல் பொறுப்பேற்றவர் வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல். கறுப்புச் சாயம் வலுவில்லாமல் இருக்கிறது என்று அங்கே ஒரு புகார். சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. கறுப்பு நூலுக்கு அருகில் நீலமும் ஊதாவும் ஓடிய இடங்களில்தான் அது சோகையாகத் தெரிந்தது. ஒரு நிறம் எப்படித் தெரிகிறது என்பதை அதன் பக்கத்து நிறமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இதை விதியாக வகுத்து 1839இல் அவர் வெளியிட்ட நூல் ஓவியர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. காஞ்சிபுரத்து நெசவாளருக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம் என்று மூன்று நாடா ஓட்டி, இழையோடு இழை கோத்து நெய்யும் கோர்வைப் புடவை முழுக்க இந்தக் கணக்குத்தானே! அரக்குக் கரை இல்லாத மயில்கழுத்துப் பச்சை பாதிப் பச்சைதான்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'வேறுபாடு' வெறும் வித்தியாசம். மேலே சொன்ன காரணத்தால் அதை விட்டுவிடலாம். 'மாறுபாடு' சற்றே நெருங்கும், ஆனால் அதற்குள் மாற்றம் என்ற பொருளும் கலந்து கிடக்கிறது. "வானிலை மாறுபாடு" என்று நாள்தோறும் கேட்கிற காதுக்கு அது எதிர்நிலையாக ஒலிக்காது. 'உறழ்வு' அழகான பழஞ்சொல். ஒப்பிட்டுப் போட்டியிடுவதைக் குறிப்பது. ஆனால் இன்றைய வாசகருக்கு அதற்கே ஒரு விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

'முரண்' அப்படியல்ல. பழந்தமிழில் முரண் என்றால் பகை, போர், அந்தப் போருக்குரிய வலிமை. அங்கே கான்ட்ராஸ்தோ சண்டையிலிருந்து கலைக்கு வந்ததுபோல, இங்கே முரணும் பகையிலிருந்து செய்யுளுக்கு வந்திருக்கிறது. ஒன்றை ஒன்று அறியாத இரண்டு மொழிகளில், இரண்டு சொற்கள் ஒரே வழியில் நடந்திருக்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பு. அதிலும் தமிழ் வெகு முந்தியே நடந்துவிட்டது. "மொழியினும் பொருளினும் முரணுதல் முரணே" என்று தொல்காப்பியச் செய்யுளியல் முரண்தொடையை வரையறுக்கிறது. மோனை, எதுகை போல முரணும் ஒரு தொடை. அதாவது அடிகளைப் பிரிப்பது அதன் வேலை அல்ல, தொடுப்பது. எதிரெதிரானவை எதிரெதிராக இருப்பதாலேயே ஒன்றோடொன்று கட்டுண்டு நிற்கின்றன. நல்ல கறுப்பு வெள்ளைப் படத்தில் நடப்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன வரையறை எதையும் நான் படித்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. யாப்பிலக்கண உரைகளில் அடிமுரணுக்கு வழிவழியாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு, ஒரு நெய்தல் நிலக்காட்சி. இருள் பரந்ததுபோன்ற கரிய நீர். அதன் ஓரத்தில் நிலவு குவிந்ததுபோன்ற வெண்மணல். அடுத்த அடிகளில் இரும்பு போன்ற கரிய கிளைகளுடைய புன்னை. அது உதிர்க்கும் பொன் போன்ற தாது. பொன்னை மட்டும் எடுத்துவிட்டால் அப்படியே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கேமராவுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால், முரண் என்றால் என்ன என்று மாணவருக்குப் புரியவைக்க ஓர் ஆசிரியர் கறுத்த கடலையும் வெளுத்த மணலையும் காட்டியிருக்கிறார்.

கேமராவுக்கு அது அவ்வளவு சுலபமாக வாய்க்கவில்லை. தொடக்க காலத்து நெகட்டிவ்கள் நீல ஒளிக்கு மட்டுமே நன்றாகக் கூசின. நிலத்துக்கு ஏற்ற அளவு ஒளி கொடுத்தால் வானம் வெற்றுத் தாளாக வெளுத்துவிடும். மேகம் ஒன்றும் மிஞ்சாது. பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்ற புகைப்படக்காரர் 1850களில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டை இணைத்துப் பிரிண்ட் போட்டார். மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858இல் தஞ்சையையும் மதுரையையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், மெழுகு தோய்த்த காகித நெகட்டிவ்களில் கையாலேயே மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். அந்த வானங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் ஒரு பரிவு வரும். நம் கோபுரங்களுக்கு எதிரே நிற்க ஒன்று வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கருவி இடம் கொடுக்கவில்லை.

எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் நெகட்டிவ் தகடுகள் 1906 முதல் கடைக்கு வந்தன. அவற்றால்தான் சிவப்பு ஃபில்டருக்கு வேலை பிறந்தது. சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுத்துவிடும். நீல வானம் கறுக்கும். மேகமும் பனியும் எல்லா நிறங்களையும் திருப்பி அனுப்புவதால் வெள்ளையாகவே நிற்கும்.

1927 ஏப்ரலில் 25 வயது அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் மலைக்கு எதிரே ஒரு பாறை விளிம்புக்குப் பெரிய கேமராவைச் சுமந்துகொண்டு ஏறினார். கொண்டுபோன கண்ணாடித் தகடுகளில் மிச்சம் இரண்டே. முதலில் வழக்கமான மஞ்சள் ஃபில்டரைப் போட்டு ஒன்றை எடுத்தார். எடுத்த பிறகுதான் உறைத்தது, வானம் வெளிர்ந்துபோய் மலையின் கம்பீரம் அதில் வராது என்று. கடைசித் தகட்டுக்கு அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டினார். அந்தப் படத்தில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. அதன்மேல் வெயில் வாங்கிய பாறை முகம் எழுகிறது. கீழே பனி வெள்ளை. அன்றைய வானம் அவர் கண்ணுக்கு நீலமாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பாறையின் முன்னால் நிற்பவர் மனத்தில் ஏற்படும் திகைப்பு, நீல வானத்துப் படத்தில் இல்லை. கறுத்த வானத்துப் படத்தில் இருக்கிறது.

முரணைக் கூட்டுவது என்றால் சாம்பலைத் துடைத்துவிடுவது என்று இன்று கைப்பேசிச் செயலிகளில் பலர் நினைக்கிறார்கள். வெள்ளை வெறும் ஓட்டையாகவும் கறுப்பு வெறும் மையாகவும் ஆகும்வரை இழுத்துவிடுகிறார்கள். அது தவறு என்பேன். ஆடம்ஸின் அந்தப் பாறை முகத்தில் எத்தனையோ சாம்பல்கள் அடுக்கடுக்காக இறங்குகின்றன. அவை இருப்பதால்தான் ஓரத்துக் கறுப்பு ஆழமாகிறது. பின்னாளில் அவரும் இன்னொரு புகைப்படக்காரரான ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த முறையில் முழுக் கறுப்பு முதல் முழு வெள்ளை வரை 0 முதல் 10 என 11 படிகள். ஒவ்வொரு படியும் முந்தியதைப்போல் இருமடங்கு ஒளி. 5 என்ற எண்ணுள்ள படி நடுச் சாம்பல். தமிழ் எழுத்தில் வல்லினத்துக்கும் மெல்லினத்துக்கும் நடுவே இடையினம் இருப்பதுபோல இங்கேயும் ஓர் இடையினம் உண்டு. அது இல்லாமல் படம் அமையாது.

முரணின் அளவு படம் எடுத்ததோடு முடிவதும் இல்லை. 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில், நிலா எழும் நேரத்தில், கல்லறைச் சிலுவைகள் மேல் கடைசி வெயில் விழுவதைக் கண்டு ஆடம்ஸ் காரை நிறுத்தினார். ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலாவின் ஒளிர்வு எவ்வளவு என்று நினைவிலிருந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு ஒரே ஒரு படம் எடுத்தார். இரண்டாவதுக்கு ஆயத்தமாவதற்குள் சிலுவைகளைவிட்டு வெயில் போய்விட்டது. அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் பிரிண்ட் போட்டுக்கொண்டே இருந்தார். முதல் பிரிண்டுகளில் மேல்வானத்தில் மேகக் கீற்றுகள் தெரியும். காலம் போகப்போக அந்த வானத்தைக் கறுக்கவிட்டுக்கொண்டே வந்தார். சிலுவைகளின் சிறு வெள்ளைக்கு எதிரே எவ்வளவு இருள் வேண்டும் என்பதில் அவர் மனம் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது.

முரண் என்பதற்கு ஒரு தடை சொல்வார்கள். "அவர் பேச்சில் முரண் இருக்கிறது" என்றால் குறை சொல்வதாகத்தானே பொருள், அழகுக்கு அதே சொல்லா என்று. நியாயமான கேள்வி. குறையைச் சொல்ல நமக்கு 'முரண்பாடு' இருக்கிறது. 'பாடு' இல்லாத முரணைக் கலைக்கு விட்டுவிடலாம். தேவைப்படும் இடத்தில் முன்னொட்டுச் சேர்த்தால் ஐயமே எழாது. வெளிச்சமும் இருளும் எதிர்த்தால் ஒளிமுரண். அரக்கும் பச்சையும் எதிர்த்தால் நிறமுரண். கறுப்பு வெள்ளைப் படத்தில் வேலை செய்வது முழுக்க ஒளிமுரணே. சிவப்பு ஃபில்டரின் வேலை நிறமுரணை ஒளிமுரணாக மாற்றுவது. அளவைச் சொல்ல மிகைமுரண், குறைமுரண் என்னலாம். ஸ்கேன் மையத்து ஊசிக்கு மட்டும் இந்தச் சொல்லை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது ரத்தக்குழாய் படத்தில் தெளிவாகத் தெரிவதற்காக ஏற்றும் மருந்து. நோயாளியிடம் "முரண் ஊசி" என்றால் பாவம், பயந்துபோவார்.

முரண் செய்யும் வேலைக்கு ஒரு சொல் இருந்தால், அது பார்ப்பவரிடம் ஏற்படுத்தும் விளைவுக்கும் ஒன்று வேண்டும். அதைத் தேட வேண்டியதில்லை, எடுப்பு. "கறுப்புப் பின்னல்ல மல்லிகை எடுப்பா இருக்கு" என்று சொல்லாத வீடு எது? முரண் கூடினால் எடுப்பு, குறைந்தால் சப்பை. ஸ்டுடியோக்கார அண்ணன் அன்று சிவப்பு விளக்கடியில் சொன்ன இரண்டு சொற்களும் இவைதாம். முரணைக் கூட்டும் தாள் ஹார்டு பேப்பர், குறைக்கும் தாள் சாஃப்ட் பேப்பர் என்று அவர் வாயில் புழங்கியவற்றை நான் வன்தாள், மென்தாள் என்று எழுதிக்கொள்கிறேன்.

அந்த யானைமலை பிரிண்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது. பின்பக்கத்தில் அவர் பென்சிலால் எழுதிய '4' மங்காமல் இருக்கிறது. அதன் கீழே, சில ஆண்டுகள் கழித்து, நான் எழுதிச் சேர்த்தேன்: வன்தாள், மிகைமுரண், மாலை வெயில்.