டோக்கன் எழுதுகிற அக்காவுக்கும் ஸ்பேசர் பிடிக்கத் தெரியணும்

ஆனியில் சாரல் விழ ஆரம்பித்தால் குற்றாலத்துக்குக் கூட்டம் வரும். எங்கள் கிளினிக்குக்கு இளைப்புப் பிள்ளைகள் வரும். மலையிறங்கி வருகிற ஈரக்காற்று ஊருக்கெல்லாம் சுகம். மூச்சுக்குழல் ஏற்கெனவே வீங்கிக் கிடக்கிற பிள்ளைக்கு மட்டும் வினை. வருஷா வருஷம் பார்க்கிறதுதான். இந்த வருஷம் உட்கார்ந்து எழுத வைத்தது ஒரு ஆறு வயதுப் பையன்.

முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றுகிறவர். ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக ராத்திரி பத்தரை மணிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழ இழுத்துக்கொண்டிருந்தான். ஆக்ஸிஜன், நெபுலைசர் எல்லாம் வைத்து, பன்னிரண்டு மணிக்கு மேல் அவன் "பசிக்கி" என்றான். அப்புறம்தான் அம்மாவிடம் கேட்டேன், இளைப்பு வராமல் இருக்கத் தினமும் போட வேண்டிய தடுப்பு இன்ஹேலரைப் போட்டீர்களா என்று.

"நீங்க எழுதித்தான் தந்தீங்க சார். வெளிய டோக்கன் எழுதுற அக்காதான், 'சின்னப் பிள்ளைக்கா இது, பழகிரும்லா'ன்னு சொன்னாவ. அதான் நிப்பாட்டிட்டேன்."

அந்த அக்கா பதினொரு வருஷமாக என்னோடு வேலை பார்க்கிறார். இந்தப் பதினொரு வருஷத்தில் ஒரு நாள்கூட இன்ஹேலர் என்றால் என்ன என்று நான் அவரிடம் சொன்னதில்லை. அந்த அம்மா என் அறையில் இருந்தது நாலு நிமிஷம், அக்காவின் மேசைப் பக்கம் உட்கார்ந்திருந்தது முக்கால் மணி நேரம். யார் பேச்சு மனசில் நிற்கும்? கோபப்பட வேண்டியது யார் மேல் என்று அன்றைக்கு ராத்திரியே தெரிந்துவிட்டது.

இந்தப் 'பழகிரும்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பழகுவது என்றால் என்ன? சாராயம் பழகும். இல்லாவிட்டால் கை நடுங்கும், நாளாக நாளாகக் கூடுதலாகக் கேட்கும். தடுப்பு இன்ஹேலரை எந்தப் பிள்ளையாவது அழுது அடம்பிடித்துக் கேட்டிருக்கிறதா? நிறுத்தினால் இளைப்பு திரும்ப வருகிறதே என்பார்கள். வரும்தான், நோய் உள்ளே இருக்கிறது. சாரலில் குடையை மடக்கினால் நனைகிறோம். குடைக்குப் பழகிவிட்டோம் என்றா சொல்கிறோம்?

இன்னொன்று, 'இன்ஹேலர் ரொம்பப் பவர், சிரப்தான் பிள்ளைக்கு நல்லது' என்பது. கணக்கைப் பாருங்கள். இளைப்பு வந்தால் மூச்சுக்குழலை விரிக்கிற மருந்து சால்பூட்டமால். அதன் சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்து, அதாவது 2000 மைக்ரோகிராம். இன்ஹேலரை ஒரு தடவை அழுத்தினால் வருவது 100. ஆக, ஒரு மூடி சிரப்பும் 20 அழுத்தலும் ஒன்று. அந்தச் சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் ஏறி, நெஞ்சைப் படபடக்க வைத்து, கையை நடுங்க வைத்து, மிச்சம்தான் நுரையீரலுக்கு வருகிறது. ஸ்டீராய்டு கணக்கும் இப்படித்தான். 20 கிலோப் பிள்ளைக்கு இளைப்பு முற்றும்போது கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை வாய்வழி கொடுத்தால் ஒரு நாளைக்கு 20,000 மைக்ரோகிராம். தடுப்பு இன்ஹேலரில் காலையும் ராத்திரியும் சேர்த்து 200 மைக்ரோகிராம் புடெசொனைட் (இதுவும் ஸ்டீராய்டுதான்) போட்டால், அந்த ஒரு நாள் அளவு 100 நாளைக்கு வரும். (இரண்டு மருந்துக்கும் வீரியம் ஒன்றா என்று சக மருத்துவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அம்மாவுக்குப் புரிய வேண்டியது இவ்வளவுதான்.) வருஷக்கணக்கில் போட்டால் உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறையலாம் என்பது உண்மை, மறைக்கவில்லை. அதனால்தான் நோய் அடங்கி இருக்கிற குறைந்தபட்ச அளவுக்கு நாங்களே இறக்கிக்கொண்டு வருவோம். நீங்களாக நிறுத்த வேண்டாம் என்பதுதான் கேட்பது.

சரி, கிளினிக்குக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஓ.பி. கூட்டம் இருக்காது. எல்லாரையும் உட்கார வைத்தேன்: டோக்கன் அக்கா, இரண்டு சிஸ்டர்கள், மருந்து கொடுக்கிற தம்பி, பெருக்குகிற ஆயா. நோயைப் பற்றிப் பாடம் எடுக்கவில்லை. தீர்ந்துபோன ஒரு இன்ஹேலரும், அதை மாட்டி மருந்தை மூச்சோடு இழுக்க வைக்கிற பிளாஸ்டிக் குழாயான ஸ்பேசரும் மேசையில் வைத்து, ஒவ்வொருவரும் செய்து காட்ட வேண்டும் என்றேன். முதலில் நான். முடித்ததும் சிஸ்டர் மெதுவாகச் சொன்னார், "சார், குலுக்கவே இல்லையே." ஆயா சிரித்த சிரிப்பில் மற்றவர்களுக்குப் பயம் விட்டுப்போயிற்று. குலுக்கு, மாட்டு, முகமூடியை இடைவெளி இல்லாமல் பொருத்து, ஒரு தடவை அழுத்து, ஐந்தாறு மூச்சு விடட்டும், அப்புறம் மறுபடி குலுக்கி அடுத்தது. தடுப்பு மருந்து என்றால் வாய் கொப்பளிக்க வேண்டும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாகக் காய விடணும். துணியால் துடைத்தால் மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும்.

அன்றைக்கு நல்ல கேள்வி கேட்டது அக்காதான். "வீசிங் சத்தம் நின்னுட்டா சரியாயிட்டுன்னு அர்த்தமா சார்?" எம்.பி.பி.எஸ். முடித்தவர்களே கோட்டை விடுகிற இடம் இது. சத்தம் நின்று பிள்ளை ஓடியாடினால் சரியாகிவிட்டது. சத்தம் நின்று துவண்டு கிடந்தால் உள்ளே காற்றே போகவில்லை, அதைவிட ஆபத்து கிடையாது. இப்போது எங்கள் வாசலில் ஒரு சட்டம். ஒரு வாக்கியம் முழுசாகச் சொல்ல முடியாத பிள்ளை, பால் குடிக்க முடியாத குழந்தை, உதடு நீலம் பாய்ந்தது, துவண்டு கிடப்பது, இவர்களுக்கு டோக்கன் கிடையாது. நேரே உள்ளே. அதை முடிவு செய்வது அக்கா. நான் வேறு நோயாளி பார்த்துக்கொண்டிருந்தாலும் கதவைத் திறக்கலாம்.

சிஸ்டர்கள் சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிஷம் முழுசாக மூச்சை எண்ணுவார்கள். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குகிற வேலை வேண்டாம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் 92 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் என்ன செய்ய வேண்டும், நான் வருவதற்கு முன் ஸ்பேசரில் எத்தனை தடவை, எவ்வளவு இடைவெளியில் என்பதெல்லாம் என் கையெழுத்தோடு சுவரில் இருக்கிறது.

மருந்து கொடுக்கிற தம்பி ஒரு உண்மையை ஒத்துக்கொண்டான். ஸ்பேசர் இருப்பு இல்லாத நாள்களில், "ரெண்டும் ஒரே மருந்துதான்" என்று சொல்லிச் சிரப் கொடுத்து அனுப்பியிருக்கிறான். ஒரே மருந்துதான், பொய் இல்லை! மேலே போட்ட கணக்கை அவனையே எழுதிப் பார்க்கச் சொன்னேன். இப்போது என்னைக் கேட்காமல் மாற்றுவதில்லை. அதோடு டப்பாவில் தேதியும் எழுதுகிறான். 200 அழுத்தல் உள்ள இன்ஹேலரை நாளைக்கு நாலு போட்டால் 50 நாளில் தீரும். தீர்ந்த பிறகும் புஸ்ஸென்று வரும், அது வெறும் வாயு. தண்ணீரில் மிதக்கப்போட்டுப் பார்க்கிற பழக்கம் இருக்கிறதே, அதை நம்பாதீர்கள். இன்ஹேலரின் நிறமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் 'தினமும்', 'இளைப்பு வந்தால்' என்று ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறோம்.

போகிற போக்கில் சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. அடிக்கடி இருமுகிற பிள்ளைக்கெல்லாம் இளைப்பா என்றுகூடப் பார்க்காமல், பரிசோதனையே இல்லாமல் 'ப்ரைமரி காம்ப்ளக்ஸ்' (பிள்ளைகளுக்கு வருகிற காசநோய்) என்று பெயர் வைத்து ஆறு மாசம் காசநோய் மாத்திரை கொடுப்பதை எப்போது விடப்போகிறோம்?

பீடி சுற்றுகிற தாய்மாரிடம் வேலையை விடு என்று எங்கள் கிளினிக்கில் யாரும் சொல்லக்கூடாது. அந்தக் காசில்தான் இன்ஹேலரே வாங்குகிறார்கள். சுளகைத் திண்ணைக்குக் கொண்டு போங்கள் தாயி, புகையிலைத் தூள் விழுந்த இடத்தை ஈரத்துணியால் துடையுங்கள், பிள்ளையை அந்த அறையில் படுக்கப்போடாதீர்கள். கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் வலை கட்டுங்கள். சாம்பிராணி வேண்டவே வேண்டாம். வீட்டில் யாராவது பீடி குடித்தால் அவரை அடுத்த முறை என்னிடம் கூட்டி வாருங்கள். திட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மருந்து ஆரம்பித்த மூன்றாம் நாள் அக்கா உங்களுக்குப் போன் செய்வார். எடுங்கள். ராத்திரியில் பிள்ளை பேச முடியாமல் இழுத்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 'இளைப்பு வந்தால்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய இன்ஹேலரை ஸ்பேசரில் போட்டுக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். கிளினிக்குக்கு வரும்போது ஃபைலை மறந்தாலும் பரவாயில்லை; இன்ஹேலர், ஸ்பேசர் இரண்டையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். டோக்கன் வாங்குகிற இடத்திலேயே அக்கா உங்களைப் போட்டுக் காட்டச் சொல்வார்.