பென்குயின்களோடு ஆட உதவிய மஞ்சள் ஒளி

"மேரி பாப்பின்ஸ் படத்தில் ஆட்கள் கார்ட்டூன் பென்குயின்களோடு ஆடுகிறார்களே, கணினி இல்லாத காலத்தில் அதை எப்படி எடுத்தார்கள்? அப்போதே பச்சைத் திரை இருந்ததா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அந்தக் காட்சியில் பச்சைத் திரையும் இல்லை, நீலத் திரையும் இல்லை. அந்த வேலையைச் செய்தது சோடியம்.

முதலில் படத்தைப் பற்றிக் கொஞ்சம். 1964இல் டிஸ்னி வெளியிட்ட படம், இயக்கம் ராபர்ட் ஸ்டீவன்சன். கதை நடப்பது 1910இன் லண்டனில். எடுத்ததோ கலிபோர்னியாவின் பர்பாங்க் ஸ்டூடியோவுக்குள். லண்டன் வானமும் கூரைகளும் பெரும்பாலும் பீட்டர் எலன்ஷா கண்ணாடியில் தீட்டிய ஓவியங்கள். பாடல்கள் ஷெர்மன் சகோதரர்களுடையவை. மேரியாக நடித்த ஜூலி ஆண்ட்ரூஸுக்கு இது முதல் திரைப்படம், அதற்கே ஆஸ்கர் வாங்கிவிட்டார். மேரியின் நண்பன் பெர்ட்டாக ஆடிப் பாடிய டிக் வான் டைக் வங்கிக் கிழவராகவும் வேடம் போட்டிருந்தார். அந்த வேடத்துக்குத் தன் பெயரின் எழுத்துகளையே கலைத்துப் போட்டு வேறொரு பெயர் வைத்துக்கொண்டார். மூலக்கதை எழுதிய டிராவர்ஸ் அம்மையாருக்குக் கார்ட்டூன் பகுதி கடைசிவரை பிடிக்கவில்லை. எனக்கோ படத்தில் மிகவும் பிடித்ததே அதுதான்.

சரி, சிக்கல் என்னவென்று பார்ப்போம். நடிகர்கள் வெறும் திரைக்கு முன்னால் ஆடுகிறார்கள், பென்குயின்களைப் பிறகுதான் வரைகிறார்கள். இரண்டையும் ஒரே படச்சுருளில் சேர்க்க வேண்டும் என்றால், ஒவ்வொரு பிரேமிலும் நடிகரின் உருவம் எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டும். விநாடிக்கு 24 பிரேம். கத்தரித்து எடுத்தது போன்ற கறுப்பு வெள்ளை நிழலுருவம் ஒன்று பிரேமுக்குப் பிரேம் கிடைத்துவிட்டால் போதும். கார்ட்டூனை அச்சிடும்போது நடிகரின் இடத்தையும், நடிகரை அச்சிடும்போது மற்ற இடத்தையும் அதைக் கொண்டு மறைத்துவிடலாம்.

நடிகருக்குப் பின்னால் நீலத் திரையை வைத்து, நீலமான இடமெல்லாம் பின்னணி என்று கொண்டும் இந்த நிழலுருவத்தை எடுக்கலாம், எடுத்தார்கள். ஆனால் நீலம் உடையிலும் இருக்கும், கண்ணிலும் இருக்கும். திரையிலிருந்து சிதறும் நீலம் வெள்ளை உடையின் ஓரத்தில் படியும். கலைந்த முடி, மெல்லிய துணி, நகரும் கையின் கலங்கல் எல்லாவற்றிலும் ஒரு நீலக் கோடு ஒட்டிக்கொள்ளும். மேரிக்கோ அந்தக் காட்சியில் வெள்ளை உடை, தொப்பியில் கண்ணாடி போன்ற வலைத்துணி.

இங்கேதான் சோடியம் வருகிறது. உப்புப் போட்ட தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலத் தீ சட்டென்று மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். சோடியம் அணுவின் வெளி எலக்ட்ரான் மேல்மட்டத்துக்குப் போய் இறங்கும்போது விடும் ஒளி அது. அலைநீளம் 589 நானோமீட்டர். துல்லியமாகச் சொன்னால் 589.0, 589.6 என்று ஒட்டிப் பிறந்த இரண்டு கோடுகள். கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறத்தாழ 400இலிருந்து 700 வரை நீள்கிறது. அதில் ஒரு நானோமீட்டர் அகலம்கூட இல்லாத கீற்று இது.

திரையைச் சோடியம் விளக்கால் மட்டும் நனைத்தார்கள். நடிகர்கள் மேல் விழுந்தது வழக்கமான ஸ்டூடியோ விளக்குகளின் ஒளி, ஆனால் அதிலிருந்து 589ஐச் சுற்றியுள்ள சிறு பகுதியை மட்டும் வடிகட்டி நீக்கிவிட்டார்கள். கேமராவுக்குள், லென்சுக்குப் பின்னால், ஒரு கண்ணாடிப் பட்டகம். அதனுள் இருந்த மெல்லிய பூச்சு சோடியம் மஞ்சளை மட்டும் பக்கவாட்டில் திருப்பி ஒரு கறுப்பு வெள்ளைச் சுருளுக்கு அனுப்பியது. மற்ற ஒளியெல்லாம் நேராகப் போய் வண்ணச் சுருளில் விழுந்தது. ஒரே லென்ஸ், ஒரே நொடி, இரண்டு சுருள். ஒன்றில் இயல்பான வண்ணத்தில் நடிகர், பின்னணி இருட்டு. மற்றதில் வெளிச்சப் பின்னணிக்கு எதிரே நடிகரின் நிழலுருவம். யாரும் கையால் வரையவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம்.

அப்படியானால் மஞ்சள் உடை போட்டவர் மறைந்துபோவாரா? மாட்டார். எனக்கு இதில் மிகவும் இனிப்பது இதுதான். வாழைப்பழத்தின் மஞ்சள் ஓர் அலைநீளம் அல்ல. அது பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று அகலமான பட்டையைத் திருப்பி அனுப்புகிறது. நம் கண்ணில் பச்சையையும் சிவப்பையும் உணரும் கூம்புச் செல்கள் சேர்ந்து தூண்டப்பட்டால் மூளை அதை மஞ்சள் என்று எடுத்துக்கொள்கிறது. அந்தப் பட்டையிலிருந்து 589ஐ மட்டும் உருவி எடுத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, பழம் மஞ்சளாகவே இருக்கும். எந்த நிறத்தையும் தியாகம் செய்யாமல், எல்லா நிறங்களுக்கும் இடையே உள்ள ஓர் இடுக்கைத் திருடிக்கொண்டார்கள்.

வலைத்துணிக்கு வருவோம். அதன் வழியே திரையின் மஞ்சள் ஒளி நூற்றுக்கு முப்பது பங்கு கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளைச் சுருளில் அந்த இடம் முழுக் கறுப்பாகவும் வராது, முழு வெள்ளையாகவும் வராது; அதற்கேற்ற சாம்பல் நிறமாகப் பதியும். பின்னணியை அச்சிடும்போது அந்தச் சாம்பல் வழியே முப்பது பங்கு பின்னணிதான் தெரியும். எந்த இடம் எவ்வளவு ஊடுருவக்கூடியது என்ற கணக்கைப் படச்சுருளே போட்டுவிடுகிறது! முடிக்கற்றைக்கும் இதே கணக்கு, வேகமாக ஆடும் கால் கலங்கித் தெரிவதற்கும் இதே கணக்கு.

அந்த 589ஐ நீக்கும் வடிகட்டிக் கண்ணாடி டிடிமியம். நியோடிமியம், பிரசியோடிமியம் என்ற இரண்டு அருமண் தனிமங்கள் கலந்தது. கண்ணாடி ஊதுகிறவர்கள் உலையில் எழும் சோடியம் ஒளியின் கூச்சம் தாங்காமல் இதில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்வார்கள். 1841இல் மொசாண்டர் என்ற வேதியியலாளர் டிடிமியத்தை ஒரே தனிமம் என்று நினைத்துப் பிரித்தெடுத்தார். 1885இல் ஆவர் வான் வெல்ஸ்பாக் அது இரண்டு என்று காட்டினார். அதற்கும் முன்னால், 1814 வாக்கில், பிரான்ஹோபர் சூரிய நிறமாலையின் கருங்கோடுகளுக்கு எழுத்துகளால் பெயர் வைத்தபோது இந்த 589க்கு "டி" என்று வைத்தார். இவர்களில் ஒருவர் இன்று நிதி கேட்டு விண்ணப்பம் போட்டால் "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்ற கட்டத்தில் எதை எழுதியிருப்பார்? நிதிக் குழுவில் நான் இருந்தால் முதலில் அந்தக் கட்டத்தை எடுத்துவிடுவேன்.

சோடியம் முறை பிரிட்டனில்தான் தொடங்கியது. அதைச் செம்மையாக்கி டிஸ்னிக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பெட்ரோ விளாஹோஸ். பென்ஹர் படத்துக்கான நீலத்திரை நுட்பத்தின் பின்னாலும் இவர்தான் இருந்தார். இவருக்கும், வாட்ஸ்வர்த் போல், அப் ஐவர்க்ஸ் இருவருக்கும் சேர்த்து ஆஸ்கர் குழு இந்தக் கலவைப் படப்பிடிப்பு நுட்பத்துக்காக விருது கொடுத்தது. ஐவர்க்ஸ் யாரென்றால், டிஸ்னியோடு சேர்ந்து மிக்கி மவுஸை முதலில் வரைந்தவர். ஹிட்ச்காக்கும் தன் 'பறவைகள்' படத்துக்கு, சிறகடிப்பின் ஓரங்கள் சிதையாமல் இருக்க, இந்த ஏற்பாட்டைத்தான் தேடி வந்தார்.

இவ்வளவு நல்ல முறை ஏன் காணாமல் போனது? பட்டகத்தைச் செய்வது கடினம், அதனால் அப்படிப்பட்ட கேமராக்களும் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தன. லென்சுக்கும் சுருளுக்கும் நடுவே பட்டகத்துக்கு இடம் விட வேண்டியிருந்ததால் அகலக் கோண லென்ஸ் போட முடியாது. இரண்டு சுருள், கனமான கேமரா, நடிகரையும் திரையையும் ஒன்றின் ஒளி மற்றதில் படாமல் தள்ளித்தள்ளி நிறுத்தப் பெரிய தளம். நீலத் திரைக்கு ஒரு பெயிண்ட் டப்பாவும் எந்தக் கேமராவும் போதும். அப்புறம் பச்சைத் திரையும் கணினியும் வந்து மீதியை முடித்தன.

சில வருடங்களுக்கு முன் பால் டெபெவெக் என்ற ஒளி ஆராய்ச்சியாளரும் ஒரு இளைஞர் குழுவும் இதை டிஜிட்டல் கேமராக்களோடு மறுபடி கட்டினார்கள். ஒளியைப் பிரிக்கும் சாதாரணக் கண்ணாடி ஒன்று, இரண்டு கேமரா. ஒன்றின் முன்னால் 589ஐ மட்டும் விடும் வடிகட்டி, மற்றதன் முன்னால் 589ஐ மட்டும் தடுக்கும் வடிகட்டி. பச்சைத் திரையில் பாடாய்ப் படுத்தும் மெல்லிய முக்காடும், தண்ணீர் நிரம்பிய பாட்டிலும் சுத்தமாகப் பிரிந்து வந்தன. அந்த வடிகட்டிகளை இப்போது கடையில் வாங்கலாம், பட்டகம் தேவையில்லை.