ஆலை மூடிய பிறகு அந்த மண்ணை என்ன செய்வது?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லீஹை ஆற்றங்கரையில் பெத்லஹேம் என்று ஓர் ஊர் இருக்கிறது. நூறாண்டுக்கு மேலாக அங்கே இரும்பும் எஃகும் உருக்கினார்கள். கோல்டன் கேட் பாலத்தின் எஃகு பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனம் கொடுத்ததுதான். 1995 நவம்பரில் அந்த ஆலையில் எஃகு உருக்குவது நின்றது. சுமார் 1,800 ஏக்கர் நிலமும் வானளாவிய ஊதுலைகளும் மிஞ்சின. ஊரின் நடுவே, ஆற்றையும் ரயில் பாதையையும் ஒட்டிய இடம். ஆனாலும் இப்படிப்பட்ட நிலத்தை வாங்க அப்போது யாரும் எளிதில் துணியமாட்டார்கள்.

காரணம் ஒரு நல்ல சட்டம். 1978-ல் நியூயார்க் மாநிலத்தின் லவ் கெனால் பகுதியில், ரசாயனக் கழிவைப் புதைத்த இடத்துக்கு மேலே வீடுகளும் பள்ளியும் கட்டப்பட்டிருந்தது நாட்டையே உலுக்கியது. அதன் விளைவாக 1980-ல் வந்ததுதான் சூப்பர்ஃபண்ட் சட்டம். மாசுபடுத்தியவர் மட்டுமல்லாமல் நிலத்தின் இப்போதைய உரிமையாளரும் சுத்தம் செய்யும் செலவுக்குப் பொறுப்பு என்றது அது. ஐம்பது வருஷத்துக்கு முன் யாரோ கொட்டியதற்கும் நேற்று வாங்கியவரின் கதவை அப்போது தட்ட முடிந்தது. வங்கிகள் பயந்தன, கடன் கிடைக்கவில்லை. புதிய தொழிற்சாலைகள் ஊருக்கு வெளியே நல்ல விளைநிலத்தைத் தேடிப் போயின. பழைய ஆலை நிலங்கள் வேலி போட்டபடி கிடந்தன. விஷமும் அப்படியே கிடந்தது.

இந்த முடிச்சை அவிழ்க்க முன்வந்தவை மாநில அரசுகள். மினசோட்டா 1988-லேயே தொடங்கிவிட்டது. பென்சில்வேனியா 1995-ல் ‘ஆக்ட் 2’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் நில மறுசுழற்சிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நிலத்தைச் சுத்தம் செய்ய முன்வருகிறவருக்கு, எவ்வளவு சுத்தம் செய்தால் போதும் என்ற எல்லையை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அந்த எல்லையை எட்டி, மாநிலச் சுற்றுச்சூழல் துறை ஒப்புக்கொண்டுவிட்டால், அந்த மாசுக்கான பொறுப்பிலிருந்து மாநிலச் சட்டத்தின்படி விடுதலை. அவருக்கு மட்டுமல்ல, பிறகு வாங்குகிறவருக்கும்தான். பொய்யான தகவல் கொடுத்திருந்தாலோ, செய்த வேலை பலன் தராமல் போனாலோ கோப்பு மறுபடி திறக்கப்படும்.

எல்லைகள் மூன்று. முதலாவது, ஆலை வராதிருந்தால் அந்த மண் எப்படி இருந்திருக்குமோ அந்த நிலை. இரண்டாவது, மாநிலம் முழுவதற்குமான அட்டவணை. ஒவ்வொரு ரசாயனத்துக்கும் ஒரு கிலோ மண்ணில் இத்தனை மில்லிகிராம் வரை இருக்கலாம் என்ற கணக்கு, குடியிருப்புக்கு ஒன்றும் மற்றப் பயன்பாட்டுக்கு ஒன்றுமாக அதில் இருக்கிறது. மூன்றாவது, அந்த இடத்துக்கென்றே கணக்கிடும் அளவு. அங்கே யார் வருவார்கள், எவ்வளவு நேரம் இருப்பார்கள், எந்த வழியில் விஷம் உடலுக்குள் போகும் என்று பார்த்து, கூடுதல் புற்றுநோய் அபாயம் பத்தாயிரத்தில் ஒன்று முதல் பத்து லட்சத்தில் ஒன்று வரையிலான வரம்புக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். முழுத் திட்டத்துக்கும் அடிப்படை இந்த மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். விஷம், அது பயணிக்கும் பாதை, அது போய்ச் சேரும் மனிதர் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை நீக்கினால் போதும் என்கிறது அது.

சரி, வேலை எங்கே தொடங்கும்? காகிதத்தில்தான். பழைய வரைபடங்கள், வான்வழிப் படங்கள், தீக்காப்பீட்டுக்காக வரைந்த கட்டட விவரங்கள் எல்லாவற்றையும் புரட்டி, எந்தத் தொட்டி எங்கே இருந்தது, எந்தக் கொட்டகையில் என்ன கழுவினார்கள் என்று பார்ப்பார்கள். சந்தேகப்படும் இடங்களில் அதன்பிறகே துளையிட்டு மண்ணும் நிலத்தடி நீரும் எடுப்பார்கள். எஃகு ஆலையோ, நிலக்கரியைச் சுட்டு எரிபொருளாக்கும் கோக் உலையோ இருந்த இடம் என்றால் கசடு, ஈயம், ஆர்செனிக், தார் வகைகளைத் தேடுவது வழக்கம்.

ஈயத்தை எதுவும் சிதைக்க முடியாது, அது ஒரு தனிமம். தோண்டி எடுத்து வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம், சிமென்ட் கலந்து இறுக்கலாம், அல்லது மேலே மூடலாம். உலோகங்களில் ஒட்டிய எண்ணெயைக் கழுவப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்களின் கதை வேறு. தண்ணீரைவிட அடர்த்தியானது என்பதால் அது நிலத்தடி நீரையும் தாண்டி ஆழத்தில் இறங்கி, பாறை இடுக்குகளில் தேங்கிக்கொள்ளும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தபடி இருக்கும். குடிநீரில் அதற்கு அமெரிக்காவில் அனுமதித்த அளவு ஒரு லிட்டருக்கு வெறும் 5 மைக்ரோகிராம். நீரை இறைத்துச் சுத்தம் செய்துகொண்டே இருக்கலாம், ஆனால் அது பல பத்தாண்டு வேலை.

இங்கே உதவிக்கு வருவது டீஹாலோகாக்காய்டிஸ் என்ற பாக்டீரியா. நியூயார்க் மாநிலத்தின் இத்தாகா ஊர்க் கழிவுநீர் நிலையக் கசட்டிலிருந்து பிரித்தெடுத்து, 1997-ல் ஆய்வாளர்கள் உலகுக்குச் சொன்னார்கள். நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல அது குளோரின் சேர்ந்த மூலக்கூறுகளைச் சுவாசிக்கிறது. சோயா எண்ணெயையோ வெல்லப்பாகுக் கழிவையோ மண்ணுக்குள் செலுத்தினால், மற்ற நுண்ணுயிர்கள் அதைத் தின்று ஆக்சிஜனைத் தீர்த்து ஹைட்ரஜனைத் தரும். அந்த ஹைட்ரஜனைக் கொண்டு டீஹாலோகாக்காய்டிஸ், கரைப்பானின் மூன்று குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கும். கடைசியில் மிஞ்சுவது எத்திலீன், பழத்தைப் பழுக்கவைக்கும் அதே வாயு. ஆனால் மூன்றில் இரண்டைப் பிடுங்கியதும் வேலை நின்றுவிட்டால், கையில் இருப்பது வினைல் குளோரைடு. தொடங்கிய பொருளைவிடக் கொடிய புற்றுநோய்க் காரணி அது. அதனால் கண்காணிப்புக் கிணறுகளில் நீர் எடுத்து, எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பெரும்பாலான இடங்களில் நடப்பது இவ்வளவு நேர்த்தியானதல்ல. நல்ல மண்ணைப் பரப்புவார்கள், அல்லது கட்டடத் தளத்தையும் கார் நிறுத்துமிடத்தின் தாரையுமே மூடியாக்கிவிடுவார்கள். ஆவியாகும் பொருள் இருந்தால் தளத்துக்கு அடியில் குழாய் பதித்து, விசிறி வைத்து, வாயுவைக் கூரைக்கு மேலே உறிஞ்சி வெளியேற்றுவார்கள்.

பணம் எங்கிருந்து வரும்? மாநில மானியமும் கடனும் ஒரு பங்கு. பெத்லஹேமில், நிலம் மேம்பட்டதால் கூடுதலாக வரும் வரியை அந்தப் பகுதியின் பணிகளுக்கே ஒதுக்கும் ஏற்பாட்டையும் செய்தார்கள். 2009-ல் சூதாட்ட விடுதி வந்தது, 2011-ல் ஊதுலைகளின் காலடியில் ஸ்டீல்ஸ்டாக்ஸ் கலை வளாகம். அப்புறம் கிடங்குகள், தொழிற்பேட்டை, தொழில்துறை அருங்காட்சியகம்.

விஷம் மண்ணிலேயே மூடப்பட்டிருக்கும்போது, அது அங்கே இருப்பது யாருக்கும் மறந்துவிடக் கூடாது. 2007-ல் பென்சில்வேனியா இதற்குத் தனிச் சட்டம் போட்டது. இங்கே கிணறு தோண்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது, தளத்தை உடைக்கக் கூடாது போன்ற கட்டுப்பாடுகள் நிலத்தின் பத்திரத்தோடு பதிவாகும். நம் ஊரில் நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்ப்பதுபோல, வாங்குகிறவர் எத்தனை கை மாறினாலும் அதைப் பார்த்துவிட முடியும்.

எனக்கு உறுத்துவது அட்டவணை எண்கள்தான். குழந்தைகள் விளையாடும் மண்ணில் ஈயத்துக்கான வழிகாட்டு அளவை, 2024-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கிலோவுக்கு 400 மில்லிகிராமிலிருந்து 200 ஆகக் குறைத்தது. 400-ஐ நம்பிச் சுத்தம் செய்த இடங்களில் இப்போதும் குழந்தைகள் வளர்கிறார்கள். அந்தக் கோப்புகளை மாநிலங்கள் தாமாகவே எடுத்துப் பார்க்க வேண்டும்.

எந்த எண் போதும் என்ற சண்டை கொடைக்கானலிலும் நடந்தது. 2001-ல் மூடப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலையின் மண்ணைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்றார்கள். இன்னும் ஆழமாகத் தோண்டினால் மரங்கள் போகும், சரிவு அரிக்கும் என்பது அதற்குச் சொன்ன நியாயம். கீழே பாம்பார் சோலைக்காடும் நீரோடையும் இருக்கின்றன, அங்கே பல மடங்கு கடுமையான அளவு வேண்டும் என்றார்கள் எதிர்த்தவர்கள். மண்ணில் இருக்கும் பாதரசத்தை இரு தரப்புமே அளக்க முடியும். சரிவில் கீழே இருப்பவற்றையும் கணக்கில் சேர்ப்பதா, வேலிக்குள் நடப்பவர்களோடு நிறுத்திக்கொள்வதா என்பதில்தான் அவர்கள் பிரிந்தார்கள்.