நிறம் ஏறாத கரு

போன கிழமை பரந்தனிலிருந்து ஒரு வாசகர் ரிப்போட் ஒன்றைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கட்டி, ஊசி போட்டு இழுத்தும் திரும்பக் கட்டிவிட்டதாம். சுவாசப்பையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்து, ‘மீசோதீலியக் கலங்களின் எதிர்வினைப் பெருக்கம்’ என்று எழுதியிருக்கிறார்கள். “அப்பா முப்பது வருசம் கூரை வேலை செய்தவர். அஸ்பெஸ்ரஸ் சீற் வெட்டாத நாளில்லை. இது புற்றுநோயா, இல்லையா?”

கேட்க வேண்டிய கேள்விதான். அஸ்பெஸ்ரஸ் தூசுக்கும், இந்தச் சவ்வின் கலங்களில் வரும் புற்றுநோயான மீசோதீலியோமாவுக்கும் உள்ள தொடர்பு 1960இல் தென்னாபிரிக்காவிலிருந்து வந்த ஆய்வோடு உறுதிப்பட்டது. தூசு உள்ளே போய் 20 முதல் 50 வருசம் கழித்துத்தான் நோய் தலைகாட்டும். சும்மா கிடக்கும் சீற்றை விட, அதை வாளால் அறுப்பவர், துளைப்பவர், உடைப்பவர்தான் பயப்பட வேண்டும். வன்னியில் உடைந்த சீற்றுக்குப் பஞ்சமில்லை என்பது வேறு கதை.

ஆனால் நெஞ்சில் நீர் கட்டப் பல காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் முதலில் தேடுவது காசநோயை. நியூமோனியா, இதயக் கோளாறு என்றும் இருக்கலாம். எது உரசினாலும் சவ்வின் மேல் ஒற்றை வரிசையாகப் படுத்திருக்கும் மீசோதீலியக் கலங்கள் கோபப்படும்: பெருகும், பருக்கும், கரு பெரிதாகும், பிரிந்துகொண்டேயிருக்கும். ரிப்போட்டில் உள்ள ‘எதிர்வினைப் பெருக்கம்’ இதுதான். பார்த்தால் புற்றுநோய் மாதிரியேதான். மறுபக்கம், உண்மையான மீசோதீலியோமாக் கலம் சில வேளை சாதுவாகத் தெரியும். ஆக, முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வழியில்லை.

அதனால் அவை எங்கே நிற்கின்றன என்று பார்க்கிறார்கள். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் கட்டு விளிம்புவரை ஏறி அலையடிப்பது வேறு, கட்டு உடைத்துக்கொண்டு வயலுக்குள் இறங்குவது வேறு. கோபப்பட்ட கலங்கள் மேற்பரப்பிலேயே குவியும். புற்றுக் கலங்கள் சவ்வைத் தாண்டிக் கீழேயுள்ள கொழுப்புக்குள் இறங்கும். கொழுப்புக்குள் மீசோதீலியக் கலம் கண்டால் சந்தேகத்துக்கு இடமே குறைவு. ஆனால் எடுத்த துண்டு சின்னதாகி, அதில் கொழுப்பே அகப்படாவிட்டால்?

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த வித்தை வருகிறது. மூன்றாம் நிறமூர்த்தத்தில் பாப்-1 என்றொரு பரம்பரையலகு இருக்கிறது. அது கட்டும் புரதம் எல்லாச் சாதாரண கலங்களின் கருவுக்குள்ளும் உண்டு. பல மீசோதீலியோமாக்களில் அதன் இரண்டு பிரதிகளும் பழுதாகி, புரதம் கருவிலிருந்து காணாமல் போகிறது. கோபப்பட்ட நல்ல கலத்திலோ அது அப்படியே இருக்கும்.

மெல்லிய சீவலின் மேல் அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் பிறபொருளெதிரியை ஊற்றுவார்கள். அதைத் தொடர்ந்து ஒரு நொதியம் வந்து ஒட்டும், சாயப்பொருள் போட்டதும் பிடிபட்ட கரு கபிலமாகும். பிடிபடாத கரு நீலமாகவே நிற்கும். அழகு என்னவென்றால், இல்லாததைத்தான் தேடுகிறோம். சாயமே வேலை செய்யாவிட்டாலும் எல்லாம் நீலமாகத்தானே தெரியும்? அதனால் நுணுக்குக்காட்டியில் முதலில் பக்கத்திலிருக்கும் நிணநீர்க் குழியங்களைப் பார்ப்பார்கள். அவை கபிலமாக இருந்து, நடுவிலுள்ள மீசோதீலியக் கலங்கள் மட்டும் நீலமாக இருந்தால், அது மீசோதீலியோமா என்று பெரும் நம்பிக்கையோடு சொல்லலாம். அயலவனும் நீலமென்றால் சோதனையே பிழை, திரும்பச் செய்ய வேண்டும். ஒரே கண்ணாடித் தகட்டில் சந்தேக நபரும் சாட்சியும்!

மறுதலையாக எண்ண வேண்டாம். எல்லா மீசோதீலியோமாவிலும் பாப்-1 தொலைவதில்லை. கபிலம் ஏறியது என்பதற்காக நிம்மதியாகப் படுக்க முடியாது. அப்போது எம்டாப் போன்ற வேறு புரதத்தையும் தேடுவார்கள்.

ஒரு கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கான் மெசின் வந்தால் ரிபன் வெட்ட ஆள் வரும். பிறபொருளெதிரிப் போத்தல் வாங்க யாரும் வர மாட்டார்கள். ‘கத்தி பட்டால் பரவும்’ என்று துண்டே எடுக்க விடாமல் மறிக்கும் உறவினர் கூட்டம் இன்னொரு பக்கம்.

சரி, பரந்தன் தம்பிக்கு: ரிப்போட்டில் ‘புற்றுநோய்’ என்று எழுதவில்லை. அடுத்த கிளினிக்கில் இரண்டு கேள்வி கேளுங்கள்: துண்டில் கொழுப்பு அகப்பட்டதா? பாப்-1 போட்டுப் பார்த்தார்களா? நீர் திரும்பவும் கட்டினால் பெரிய துண்டு எடுக்கச் சம்மதியுங்கள். அப்பா சீற் வெட்டியவர் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அது ரிப்போட் எழுதுபவருக்குத் தெரிந்திருக்காது.