மாற்றுத்திறனாளிகள் தொழில் தொடங்க மானியக் கடன்: சென்னையில் விண்ணப்பிப்பவர்கள் அறிய வேண்டியவை

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அவற்றுக்கு மாற்றான துணிப்பை தைத்தல், பாக்குமட்டைத் தட்டு தயாரித்தல் போன்ற தொழில்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே நடத்த முடியும். இவற்றைத் தொடங்க நினைக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு, 2008 முதல் நடைமுறையில் உள்ள பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் (பி.எம்.இ.ஜி.பி.) கைகொடுக்கும்.

இத்திட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் 'சிறப்புப் பிரிவு' விண்ணப்பதாரர்கள். நகரப் பகுதியில் பொதுப் பிரிவினருக்கு மொத்தத் திட்டச் செலவில் மானியம் 15 சதவீதம், சொந்த முதலீடு 10 சதவீதம். சிறப்புப் பிரிவினருக்கோ மானியம் 25 சதவீதம், சொந்த முதலீடு 5 சதவீதம் மட்டுமே. மாற்றுத்திறனாளிச் சான்றிதழை இணைத்து, படிவத்தில் சிறப்புப் பிரிவு என்று குறிப்பிட மறக்காதீர்கள்.

4 லட்சம் ரூபாயில் துணிப்பைத் தையலகம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். உங்கள் கையிலிருந்து 20,000 ரூபாய். மீதி 3,80,000 ரூபாயை வங்கி தரும். மானியம் 1 லட்சம். ஆனால் அந்த ஒரு லட்சம் உடனே கைக்கு வராது. மூன்று ஆண்டுகள் உங்கள் பெயரில் வைப்புத்தொகையாக இருக்கும். அதற்கு வட்டி கிடைக்காது, அதற்கு ஈடான கடன் தொகைக்கு வட்டியும் கிடையாது. தொழில் தொடர்ந்து நடந்தால் பின்னர் அது கடனில் கழிக்கப்படும். கடன் வாங்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்வது மிக அவசியம்.

கிராமப்புறத்தில் தொழில் அமைத்தால் மானியம் 35 சதவீதமாக உயர்கிறது. திருவள்ளூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் இடம் கிடைக்கும் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் தினமும் போய்வருவது உங்கள் உடலுக்கு ஒத்துவராவிட்டால் அந்தக் கூடுதல் பத்து சதவீதத்துக்காக அலைய வேண்டாம் என்பதே என் கருத்து.

18 வயது நிறைந்திருக்க வேண்டும். தொழில் புதியதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே நடப்பதற்கு இது பொருந்தாது. கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். உற்பத்தித் தொழிலின் திட்டச் செலவு 10 லட்சத்துக்கு மேல் போனால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். விண்ணப்பம் இணையவழிதான். சென்னையில் கிண்டி தொழிற்பேட்டையிலுள்ள தொழில் வணிகத் துறை மண்டல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். திட்டத்துக்கு 2025-26 நிதியாண்டு வரை ஒப்புதல் தரப்பட்டிருந்ததால், இப்போது விண்ணப்பம் பெறப்படுகிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

திட்ட அறிக்கை எழுதும்போது உங்களுக்கு ஏற்ற இயந்திரத்தையே விலைப்புள்ளியில் சேர்த்துவிடுங்கள். காலால் மிதிக்க முடியாதவருக்குக் கையால் இயக்கும் மோட்டார் தையல் இயந்திரம் வேண்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சொந்தப் பணத்தில்தான் வாங்க வேண்டிவரும்.

'இவரால் கட்ட முடியுமா?' என்ற ஐயத்தோடு உங்களைப் பார்க்கும் அதிகாரியும் இருக்கலாம். தயங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 13-ஆம் பிரிவு, மற்றவர்களுக்குச் சமமாக வங்கிக் கடன் பெறும் உரிமையை உங்களுக்கு உறுதி செய்கிறது. 10 லட்சம் வரையிலான குறுந்தொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உடற்குறையே காரணம் என்று தெரிந்தால், அந்தக் கடிதத்தோடு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம்.