காரைத் தாழ்த்துவதற்கு முன் ஸ்பிரிங்கின் கணக்கு

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி தெரிந்தால் கண்ணை உறுத்தத்தான் செய்யும். காரின் உயரத்தைக் குறைக்கிற லோயரிங் ஸ்பிரிங் போட ஆசைப்படுகிறவர்களை நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் தினமும் காட்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் ஓடி, ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆட்கள் அஞ்சு பேரை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலை போய் வருகிற கார் என்றால், எவ்வளவு இறக்குகிறோம் என்பதைவிட, இறக்கின பிறகு ஸ்பிரிங் சுருங்க எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது விழும் அடியின் ஆற்றலை ஸ்பிரிங் சுருங்கித்தான் வாங்கிக்கொள்கிறது. அது வாங்கும் ஆற்றல் சுருக்கத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கார் சும்மா நிற்கும் நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டையைத் தொடும்வரை 80 மி.மீ. இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 30 மி.மீ. இறக்கினால் மிச்சம் 50. அதே அடியை 50 மி.மீ.க்குள் அடக்க வேண்டுமானால் ஸ்பிரிங் ஏறக்குறைய இரண்டரை மடங்கு கெட்டியாக இருக்க வேண்டும். அவ்வளவு கெட்டியில் போட்டால் கார் மாட்டு வண்டி ஆகிவிடும், யாரும் அப்படிச் செய்வதில்லை. ஓரளவுக்குக் கெட்டியாக்கிவிட்டு, மீதி அடியை பம்ப் ஸ்டாப்பின் தலையில் கட்டுகிறார்கள். இறக்கின காரில் கேட்கிற அந்த 'டொக்' சத்தம் பெரும்பாலும் இதுதான். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தாலே பின்பக்கம் இன்னும் 30 மி.மீ. போல இறங்கிவிடும், அதையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

கெட்டி எங்கிருந்து வருகிறது? கம்பியின் தடிமன் நான்காம் அடுக்கில் வேலை செய்யும்: 12 மி.மீ. கம்பியை 13 ஆக்கினால் ஸ்பிரிங் 38 சதவீதம் கெட்டியாகும். சுற்றுகள் குறைந்தாலும் கெட்டி கூடும். அப்படியானால் பழைய ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். வேண்டாம். ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டு போன்ற இருக்கையில் சரியாக உட்கார அதன் முனைக்கு ஒரு வடிவம் உண்டு, வெட்டினால் அது போச்சு. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் இருக்கையை விட்டே நழுவலாம். கேஸ் வைத்து ஸ்பிரிங்கைச் சூடாக்கி, தொய்ய வைத்துக் காரை இறக்குவது அதைவிட மோசம், ஏனென்றால் எஃகுக்குக் கொடுத்திருந்த பதம் போய், ஸ்பிரிங் நாளுக்கு நாள் தொய்ந்துகொண்டே இருக்கும்.

இப்போது வேகத்தடை. சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி கட்டிய வேகத்தடை, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம். கார் அதன் நடுவில் இருக்கும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் அந்த மேட்டின் மேலேயே நிற்கும், அதனால் காரின் வயிற்றுக்குக் கீழே துருத்துவது 4 அல்லது 5 செ.மீ. மட்டுமே. குடியாத்தம் பக்கம் ஊருக்குள் போகும் ரோட்டில் ஒரு மீட்டர் அகலத்தில் செங்குத்தாகப் போட்டு வைத்திருக்கும் மேடு அப்படியல்ல. அதன் முழு உயரமும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே வந்து நிற்கும், 15 செ.மீ. என்றால் 15-ம் வயிற்றுக்குத்தான். நம் ஹேட்ச்பேக்குகளுக்குக் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வயிற்றுக்கும் உள்ள இடைவெளி, பெரும்பாலும் 160, 170 மி.மீ. அதுவும் ஆள் ஏறாதபோது. அதனால்தான் நம்ம ஊருக்கு 20, மிஞ்சினால் 25 மி.மீ. போதும் என்கிறேன். 40 மி.மீ. செட் பார்க்க அழகு, வேலூரில் தினசரி ஓட்டத்துக்கு அது தேறாது.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் கதை இதேதான். கொஞ்சம் இறக்கினால் ஈர்ப்பு மையம் தாழ்ந்து காரின் உடம்பு சாய்வது குறையும். ஆனால் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) உள்ள கார்களில், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேலே ஏறத் தொடங்கியதும், கார் சாய்கிற மையப்புள்ளி ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடக் கூட வளைவில் சாய்க்கும் விசையும் கூடும். ரொம்ப இறக்கினவர்கள் கையாளுதலும் கெட்டுப்போச்சு என்று சொல்வது சும்மா இல்லை.

ஷாக் அப்சார்பர் பழசானால் கூடவே மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங் 25 சதவீதம் கெட்டியானால் அதன் துள்ளலை அடக்கப் பழைய ஷாக்குக்குத் தெம்பு பத்தாது, மேட்டில் ஏறி இறங்கின பிறகும் கார் ஒருமுறை கூடுதலாக ஆடும்.

மாட்டும் வேலையில் உயிர் போகிற இடம் ஒன்று உண்டு. ஸ்ட்ரட்டில் அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங், சாதாரணக் கார் அளவிலேயே, 10 கிலோ எடை இரண்டு மீட்டருக்கு மேலிருந்து விழும் ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கும். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவியைப் போட்டு, ஸ்பிரிங் இருக்கையில் தளர்ந்து சுழல்கிறதா என்று பார்த்த பிறகுதான் மேல் நட்டில் கை வைக்க வேண்டும். கம்ப்ரஸரின் போல்ட்டை ஏர் கன்னால் முடுக்கவே கூடாது, கையாலேயே இரண்டு பக்கமும் சமமாக முடுக்க வேண்டும்.

அப்புறம், நிறைய ஷெட்டுகளில் விட்டுப்போகிற ஒன்று: லோயர் ஆர்ம் மாட்டும் இடத்தில் உள்ள ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போதே முழுசாக இறுக்கிவிடுவது. உள்ளே இருக்கும் ரப்பர் அந்த நிலையில் பிடிபட்டு, கார் தரையில் நின்றதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். போல்ட்டைத் தளர்வாக விட்டு, எடை சக்கரத்தில் இறங்கின பிறகு இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டி மாறக்கூடாது என்கிறது. அதனால் செலவு செய்யும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுக்கொள்வது நல்லது. புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு இன்னும் கொஞ்சம் உட்காரும், ஆகவே மாட்டினதும் ஒரு வீல் அலைன்மென்ட், உட்கார்ந்த பிறகு இன்னொன்று. டயரைத் தின்பதில் கேம்பரைவிட (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) டோ (சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறுவதுதான் முந்திக்கொள்ளும், அந்த டோ எண்ணை அச்சிட்டுக் கேட்டு வாங்குங்கள். கூடவே ஹெட்லைட்டின் மட்டத்தையும் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்திச் சரிபார்த்துவிடுங்கள்.