பொய் மகஜருக்கு யார் பொறுப்பு? ஜெனோவா பள்ளி ரெய்டு வழக்கு

ஒரு ரெய்டு பிரச்சினையாகிவிட்டால் எல்லோரும் முதலில் கேட்பது "யார் அடித்தது?" என்றுதான். வழக்கு நடத்துபவர் முதலில் புரட்ட வேண்டியது பறிமுதல் மகஜரையும் (எந்தப் பொருள் எங்கே கிடைத்தது என்று போலீஸ் எழுதும் ஆவணம்) கைது அறிக்கையையும். அவற்றில் கையெழுத்து இருக்கும்; லத்தியில் இருக்காது.

இத்தாலியின் ஜெனோவாவில் 2001 ஜூலை 21 இரவு, ஜி-8 என்ற எட்டு நாட்டுத் தலைவர்கள் மாநாட்டை எதிர்த்துப் போராட வந்தவர்கள் தங்கியிருந்த டயஸ் பள்ளிக்குள் போலீஸ் புகுந்தது. உள்ளே இருந்த 93 பேரும் கைது. எலும்பு முறிந்தவர்கள் பலர். அறிக்கையோ வேறு கதை சொன்னது: கடும் எதிர்ப்பு, ஒரு காவலர் மீது கத்திக்குத்து முயற்சி, காயங்களெல்லாம் பகல் கலவரத்தில் பட்டவை, போதாக்குறைக்கு இரண்டு பெட்ரோல் குண்டுகள்.

அந்தக் குண்டுகள் வாசலுக்கு அருகே, எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் கிடைத்ததாக எழுதினார்கள். அந்த ஒரு வரி இருந்தால்தான் ஒரே பொருளை 93 பேர் தலையிலும் கட்ட முடியும். ஆனால் அவை லேபிள்கூடப் போகாத ஒயின் பாட்டில்கள். அன்று பிற்பகல் வேறொரு சாலையோரப் புதரில் கிடைத்தவை இவைதான் என்று ஒரு காவல் அதிகாரியே அடையாளம் காட்டினார். உயரதிகாரிகள் பள்ளி முற்றத்தில் அந்தக் குண்டுகள் இருந்த நீல நிறப் பையைச் சுற்றி நிற்பது உள்ளூர் டிவி வீடியோவில் பதிவாகியிருந்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2007இல், போலீஸ் காப்பிலிருந்த பாட்டில்களைக் காணோம் என்றார்கள்! கத்திக் கிழிசலைக் காட்டிய ஜாக்கெட்டும் காவலர் முதலில் சொன்னதோடு பொருந்தாமல், அவர் வாக்குமூலத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

கையெழுத்துப் போடாத உயரதிகாரியை எப்படிப் பிடிப்பது? சிக்கலே இங்கேதான். 2008இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே சாட்சியத்தை வேறு விதமாக எடைபோட்டு அவர்களைத் தண்டித்தது: இடத்தில் இருந்தார்கள், அடித்ததைப் பார்த்தார்கள், பையைப் பார்த்தார்கள், அதன் பிறகும் அறிக்கை அப்படியே போனது. "கீழே உள்ளவர்கள் எழுதிக் கொடுத்ததை நம்பினோம்" என்ற வாதம், சம்பவ இடத்திலேயே நின்றவர்களுக்குச் செல்லாது.

2012 ஜூலை 5 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. காயம் ஏற்படுத்திய குற்றம், வழக்குக்கான காலவரம்பு கடந்துவிட்டதால் அடிபட்டுப் போயிற்று. ஹெல்மெட் போட்டுக்கொண்டு அடித்த காவலர்களில் பெரும்பாலோரை அடையாளமே காண முடியவில்லை, காவல் துறையும் ஒத்துழைக்கவில்லை. நின்றது இத்தாலியத் தண்டனைச் சட்டப் பிரிவு 479, அதாவது அரசு ஊழியர் அரசு ஆவணத்தில் பொய் எழுதுவது. இதிலிருந்து தெரிவது: இத்தகைய வழக்கில் தாக்குதல் பிரிவை மட்டும் நம்பி உட்காரக் கூடாது, ஆவணப் பொய்யைத் தனிக் குற்றச்சாட்டாக முதல் நாளிலேயே சேர்க்க வேண்டும்.

சித்திரவதை என்ற குற்றப் பிரிவே அப்போது இத்தாலியில் இல்லை. 2015இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அடிபட்ட 62 வயதுக்காரர் ஒருவர் தொடுத்த வழக்கில், நடந்தது சித்திரவதையே என்று கூறி 45,000 யூரோ வழங்கச் சொன்னது. 2017இல்தான் தனிச் சட்டம் வந்தது.

தண்டனை பெற்ற அதிகாரிகளுக்கு 2006 பொது மன்னிப்புச் சட்டத்தால் மூன்று ஆண்டு கழிந்தது. ஐந்தாண்டுப் பதவித் தடை மட்டும் உறைத்தது. அது முடிந்ததும், 2017 டிசம்பரில், அவர்களில் ஒருவரான ஜில்பெர்த்தோ கல்தரோத்சி மாஃபியா எதிர்ப்புப் புலனாய்வு அமைப்பின் துணை இயக்குநராக நியமிக்கப்பட்டார்.